பொம்மை டைனோசர் படத்தில் பொம்மையாகத் தெரியாமல் இருக்க என்ன செய்வது?

கேள்வி இதுதான்: "ஒரு அடி நீள டி.ரெக்ஸ், கொஞ்சம் சின்னதாக ஒரு ஸ்டெகோசாரஸ், ஒரு வெலாசிராப்டர் வைத்திருக்கிறேன். தோட்டத்திலும் ஏரிக்கரையிலும் வைத்து போனில் படம் எடுக்கிறேன். எப்படி எடுத்தாலும் புல்லில் யாரோ விட்டுப்போன பொம்மை மாதிரிதான் இருக்கிறது. நல்ல கேமரா வாங்கினால் சரியாகிவிடுமா? ஊர் பெரம்பலூர் பக்கம். எங்கே போய் எடுக்கலாம்?"

கேமரா வாங்க வேண்டாம். இதற்காக வாங்கவே வேண்டாம். உங்கள் படத்தில் குட்டு வெளிப்படுவது பொம்மையால் இல்லை, அதன் காலடியில் இருக்கும் தரையால். டைனோசர் எவ்வளவு உயரம் என்று யாருக்கும் கண்ணால் பார்த்த பழக்கம் கிடையாது. ஆனால் அருகம்புல் எவ்வளவு உயரம், வேப்பிலை எவ்வளவு நீளம், கூழாங்கல் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் அத்துப்படி. பார்க்கிறவர் கண் அதை வைத்துத்தான் மேலே நிற்பதை அளக்கிறது. அதனால் முதலில் தேட வேண்டியது தரை. பொம்மையைக் கடைசியில் பையிலிருந்து எடுத்தால் போதும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டி.ரெக்ஸ் ஏறக்குறைய 12 மீட்டர் நீளம். உங்கள் பொம்மை 30 செ.மீ. என்றால் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 1:40. (சஃபாரி நிறுவனம் 1988 முதல் 2015 வரை விற்ற கார்னகி வரிசைப் பொம்மைகள் இந்த அளவை ஒட்டித்தான் வந்தன. சேகரிப்பவர்களிடையே அது இன்றும் புழக்கத்தில் உள்ள அளவு.) அப்படியானால் சுற்றியுள்ள ஒவ்வொன்றையும் நாற்பதால் பெருக்க வேண்டும். 5 செ.மீ. வேப்பிலை 2 மீட்டர் இலையாகிவிடும். 3 மி.மீ. அகலப் புல் தாள் 12 செ.மீ. அகலப் பட்டையாகும். 1 மி.மீ. மணல் பருக்கை 4 செ.மீ. சரளைக் கல். வீடு கட்ட இறக்கிய ஆற்றுமணல் மேல் டி.ரெக்ஸை நிறுத்தினால் அது ஜல்லிக் குவியல் மேல் நிற்கிறது என்று அர்த்தம். நீங்கள் ஆற்றங்கரை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இந்தக் கணக்கில் தேறுவது எது? வண்டல், கரம்பை, செம்மண் புழுதி. மழைக்குப் பிறகு செங்கல் சுவரில் படரும் பாசி, இந்த அளவில் நல்ல புதர். தொட்டாற்சிணுங்கியின் சிற்றிலைகளும் புளியங்கொழுந்தும் ஓரளவு ஒத்துப்போகும். என் கணக்கில் முதல் இடம் கீழாநெல்லிக்கு. ஒரு சாண் வளர்ந்த செடி, படத்தில் 8, 9 மீட்டர் மரம். தண்டும் கிளையும் மரம் போலவே பிரியும், இலையும் சின்னது. வரப்பு ஓரத்தில் நாலைந்து சேர்ந்து நிற்கிற இடம் கிடைத்தால் அதுவே ஒரு காடு. பழைய கிணற்றுச் சுவரில் முளைக்கும் குட்டிப் பெரணியும் அருமையாக வரும், ஆனால் அதற்காகக் கிணற்றுக்குள் தொங்க வேண்டாம்.

புல்லை நான் ஒதுக்கச் சொல்வதற்கு அளவு மட்டும் காரணம் இல்லை. ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது புல்லும் கிடையாது, இன்று நாம் பார்க்கிற மாதிரிப் பூக்களும் கிடையாது. பெரணி, பனை போலத் தெரியும் சைகட் செடிகள், ஊசியிலை மரங்கள், இவைதான். டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்தில் புல் இருந்தது என்பதே 2005-ல்தான் உறுதியானது. அதற்கான ஆதாரம் நம் நாட்டிலிருந்து கிடைத்தது என்பது கூடுதல் சுவாரசியம். மகாராஷ்டிராவின் பிஸ்துராவில் எடுத்த டைனோசர் சாணப் புதைபடிவத்துக்குள் புல்லின் நுண்ணிய சிலிக்காத் துகள்கள் இருந்தன. அதற்காக டி.ரெக்ஸைக் கிரிக்கெட் மைதானத்தில் நிறுத்தலாம் என்று ஆகிவிடாது. தும்பைப் பூவுக்கு நடுவே ஸ்டெகோசாரஸ் நிற்கும் படம் அழகாகவே இருக்கும். ஆனால் விஷயம் தெரிந்தவர் அந்தப் பூவைத்தான் முதலில் பார்ப்பார்.

அடுத்து வெலாசிராப்டர். இங்கே கணக்கே மாறுகிறது. நிஜ வெலாசிராப்டர் வாலோடு சேர்த்து 2 மீட்டர்தான், உயரத்தில் நம் இடுப்பைக்கூட எட்டாது. உங்களிடம் இருக்கும் பொம்மையும் ஒரு அடி என்றால் அது ஏறக்குறைய 1:6, 1:7. அதற்கு வேப்பிலை ஒத்துவரும், ஆற்றுமணல் ஒத்துவரும், சின்னக் கூழாங்கல்கூடப் பரவாயில்லை. ஒரே பெட்டியில் ஒரே நீளத்தில் கிடக்கும் டி.ரெக்ஸையும் வெலாசிராப்டரையும் ஒரே இடத்தில் வைத்து எடுக்கவே முடியாது. இரண்டும் ஒரே படத்தில் வந்தால் ஒன்று நிச்சயம் பொம்மையாகிவிடும். (டி.ரெக்ஸுக்கும் ஸ்டெகோசாரஸுக்கும் நடுவே 8 கோடி ஆண்டு இடைவெளி என்பது தனிச் சங்கதி.)

கேமரா எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடும். நிற்கிற மனிதனின் கண் தரையிலிருந்து சுமார் 1.6 மீட்டர். நாற்பதால் வகுத்தால் 4 செ.மீ. டி.ரெக்ஸின் எதிரில் ஒரு ஆள் நின்று பார்த்த மாதிரிப் படம் வேண்டுமானால் லென்ஸ் தரையிலிருந்து நாலு விரல்கடைக்குள் இருந்தாக வேண்டும். குந்தி உட்கார்ந்து எடுத்தாலும் அது நூறு அடி மாடியிலிருந்து எடுத்த படம்தான். போனை நேராகப் பிடித்தால் லென்ஸ் மேல் மூலையில் போய்விடும். தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் இருக்கும் முனை மண்ணைத் தொடுகிற மாதிரிப் பிடியுங்கள். படம் எடுத்த பிறகு நேராக்கிக் கொள்ளலாம். தொடும்போது ஆடாமல் இருக்க மூன்று விநாடி டைமர் போடுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் ட்ரைபாடை மறந்துவிட்டு, அரைக் கிலோ அரிசி போட்ட துணிப்பையைத் தரையில் வைத்து அதன் மேல் கேமராவைச் சாய்த்துக்கொள்ளலாம்.

லென்ஸ் இவ்வளவு கீழே போனதும் இன்னொரு சிக்கல் வரும். பொம்மையின் காலடியைச் சரிபண்ணிவிட்டோம். தூரத்து மலைக்கும் சிக்கல் இல்லை, மலை மலையாகவே தெரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டரிலிருந்து இருபது மீட்டர் வரை இருக்கும் இடம்தான் காலை வாரும். அங்கே ஒரு எருக்கஞ்செடி நின்றால், ஒரு ஆட்டுப் புழுக்கை கிடந்தால், பிளாஸ்டிக் பை ஒன்று படபடத்தால், அத்தோடு முடிந்தது. இதற்கு நல்ல வழி நடுத்தூரத்தையே மறைத்துவிடுவது. தரை சட்டென்று கீழே இறங்கும் இடத்தின் விளிம்பில் பொம்மையை நிறுத்துங்கள். ஏரிக்கரையின் மேல் விளிம்பு, பாறை நுனி, உயரமான வரப்பு, எது கிடைத்தாலும் சரி. கேமராவை அந்த விளிம்பின் மட்டத்துக்குக் கொண்டுபோனால் பொம்மை நிற்கும் ஒரு சாண் மண்ணும், அதற்கு அப்பால் நேராகத் தூரத்து மலையும் வானமும் மட்டும் தெரியும். இடையில் இருக்கும் வயல், சாலை, மின்கம்பம் எல்லாம் விளிம்புக்குக் கீழே போய்விடும்.

விளிம்பு கிடைக்காத ஊரில் விளிம்பைக் கையோடு கொண்டுபோகலாம். இரண்டடிப் பலகை ஒன்று, இல்லையென்றால் பழைய தாம்பாளம். அதில் அந்த இடத்து மண்ணையே பரப்பி, ஒரு ஸ்டூலின் மேலோ காரின் பானெட்டின் மேலோ வைத்து, பின்னால் தூரத்துக் காட்சி வரும்படி நிறுத்தினால் வேலை முடிந்தது. படுத்துப் புரள வேண்டிய அவசியமும் இல்லை. அமெரிக்காவில் மைக்கேல் பால் ஸ்மித் என்பவர் 1:24 அளவுப் பொம்மைக் கார்களை இப்படித்தான் மேசை மேல் நிறுத்தி, பின்னால் நிஜத் தெருவும் மரங்களும் வரும்படி எடுத்தார். அவர் கையில் இருந்தது சாதாரண சின்ன டிஜிட்டல் கேமரா. அந்தப் படங்களை 1950களில் எடுத்த நிஜத் தெருக் காட்சி என்றே நம்பியவர்கள் ஏராளம். மேசையின் உயரத்தையும் தூரத்தையும் சரியாக வைத்ததுதான் அவருடைய வித்தை.

இப்போது ஃபோகஸ். பொம்மையைக் காட்டிக்கொடுப்பதில் தரைக்கு அடுத்த இடம் இதற்குத்தான். பன்னிரண்டு மீட்டர் மிருகத்தைத் தூர நின்று எடுத்தால் மூக்கிலிருந்து வால்வரை தெளிவாக இருக்கும், பின்னால் உள்ள மரமும் ஓரளவு தெளிவாகவே இருக்கும். பொம்மையைக் கிட்டத்தில் போய் எடுத்தால் கண் மட்டும் தெளிவாக, வால் கரைந்து போகும். அப்படிக் கரைந்தாலே பொருள் சின்னது என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. 'போர்ட்ரெயிட்' முறையை இதற்காகத்தான் முதலில் அணைக்கச் சொல்கிறேன். அது வேண்டுமென்றே பின்னணியைக் கலைக்கிறது. கிட்டே போனதும் தானாக மேக்ரோவுக்கு (மிக அருகில் எடுப்பதற்கான முறைக்கு) தாவும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

பிறகு பின்னால் நகருங்கள். சற்றுப் பெரிய சென்சார் உள்ள இன்றைய போன் ஒன்றின் முதன்மை லென்ஸில் கணக்குப் போட்டால், 30 செ.மீ. தூரத்தில் தெளிவாக விழுவது மொத்தம் ஐந்தாறு செ.மீ. ஆழம்தான். ஒரு மீட்டர் தள்ளிப் போனால் அதுவே அரை மீட்டரைத் தாண்டிவிடும். பொம்மை சின்னதாகத்தான் விழும், ஆனால் 50 மெகாபிக்சல் முறையில் எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். திரையில் பார்க்க அது தாராளம். இதில் இழப்பும் உண்டு. கிட்டே இருந்து அகன்ற லென்ஸில் எடுக்கும்போது தலை முன்னே பாய்ந்து வருகிற மாதிரி ஒரு மிரட்டல் கிடைக்குமே, அது போய்விடும். எனக்கு அந்த மிரட்டலைவிட வால் தெளிவாக இருப்பது முக்கியம். உங்களுக்கு மிரட்டல்தான் வேண்டும் என்றால் போனை நகர்த்தாமல் கண்ணில் ஒரு படம், உடம்பில் ஒன்று, தூரத்து மலையில் ஒன்று என்று ஃபோகஸை மாற்றி மாற்றி எடுத்து, கணினியில் சேர்த்துக்கொள்ளலாம். காற்று வீசினால் இலை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும், சேர்க்கும்போது பேய் மாதிரி இரட்டையாக வரும். அதனால் காற்றில்லாத விடியற்காலைதான் இதற்கு நேரம். பெரிய கேமராக்காரர்கள் லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 11, எஃப் 16 வரை போகலாம். அதற்கு மேல் மூடினால் படம் முழுதுமே சற்று மழுங்கத் தொடங்கும்.

வெளிச்ச விஷயத்தில் இயற்கை நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. சூரியன் எட்டாத் தூரத்தில் இருப்பதால் பொம்மையின் தலைக்கும் வாலுக்கும் ஒரே அளவு ஒளி விழுகிறது. நிஜ டைனோசருக்கும் அப்படித்தான் விழுந்திருக்கும். நிழலின் ஓரம் எவ்வளவு மங்கலாக இருக்கும் என்பதும் பொருளின் அளவோடு சேர்ந்தே சுருங்குகிறது. 30 செ.மீ. பொம்மையின் நிழலையும் 12 மீட்டர் மிருகத்தின் நிழலையும் வடிவத்தை வைத்து வேறுபடுத்த முடியாது. டார்ச்சையோ ஃபிளாஷையோ கிட்டே கொண்டுவந்தால் இந்தச் சலுகை போய்விடும். தலை வெளுத்து வால் இருண்டு, நிழல்கள் விசிறி மாதிரி விரியும். நிழல் பக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால் ஒரு வெள்ளை அட்டையோ தெர்மகோலோ பிடித்தால் போதும்.

நேரம்தான் நமக்குக் குறைவு. நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறும், மணிக்கு 15 பாகை. பொழுது விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் தாழ்வான ஒளி முடிந்துவிடும், சாயங்காலமும் அதே கதைதான். அந்த ஒரு மணி நேரத்தில் பக்கவாட்டிலிருந்து வரும் ஒளி தோலின் சொரசொரப்பை எடுத்துக்காட்டும், தரையின் ஒவ்வொரு மேடுபள்ளத்துக்கும் ஒரு நிழல் கொடுக்கும். உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். மண் வெளுத்துப்போகும், பொம்மையின் முதுகு பளபளக்கும்.

அந்தப் பளபளப்பைக் கொல்வது ரொம்ப சுலபம். காய்ந்த செம்மண் புழுதியைச் சல்லடையில் சலித்து, பழைய பெயிண்ட் பிரஷால் பொம்மை முழுக்கத் தேய்த்து, அதிகமானதை ஊதிவிடுங்கள். மடிப்புகளில் தங்கிய புழுதி அப்படியே இருக்கட்டும். பளபளப்பு போய்விடும், நிற்கும் மண்ணின் நிறமும் உடம்பில் ஏறிவிடும், வீட்டுக்கு வந்து கழுவினால் பொம்மை பழையபடி ஆகிவிடும். நிரந்தரமாகச் செய்ய வேண்டுமென்றால் தண்ணீரில் கரையும் மேட் (பளபளக்காத) வார்னிஷைப் பிரஷால் பூசலாம். ஸ்ப்ரே வார்னிஷ் சிலவகை மென்மையான பிவிசியில் காயாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். உடம்பு மங்கலானதும் கண்ணுக்கு மட்டும் ஒரு பொட்டு பளபளக்கும் வார்னிஷ் வையுங்கள். கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம் விழுந்தாலே மிருகத்துக்கு உயிர் வந்துவிடும்.

பொம்மை மண்ணோடு சேரும் இடத்தை நன்றாகக் கவனியுங்கள். பாதம் தரையின் மேல் வெறுமனே அமர்ந்திருந்தால், கீழே மெல்லிசாக ஒரு இருட்டுக் கோடு தெரியும். ஏழெட்டு டன் மிருகம் அப்படி நிற்காது. மண்ணைக் கொஞ்சம் ஈரமாக்கி, பாதத்தை அழுத்திப் புதைத்து, விரலிடுக்கில் மண் பிதுங்கி வரும்படி செய்து, மேலே காய்ந்த புழுதி தூவுங்கள். பின்னால் நாலைந்து காலடித் தடம் பதிக்கலாம். இரண்டு கால் ஊனுண்ணிகளின் தடம் ஏறக்குறைய ஒரே கோட்டில், ஒன்றன் முன் ஒன்றாகப் போகும். நம் நடை மாதிரி இடமும் வலமும் அகன்று போகாது. வால் இழுபட்ட கோடு போடாதீர்கள். கிடைத்துள்ள தடங்களில் வால் கோடு அபூர்வம், வாலைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தன. வாலை மூன்றாவது காலாக ஊன்றி நிற்கும் பழைய பாணிப் பொம்மை என்றால் வாலின் நுனியை ஒரு கீழாநெல்லிக்குப் பின்னால் மறைத்துவிடுங்கள். நிற்காமல் சாயும் பொம்மைகளின் காலை வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்து, வளைத்து, உடனே பச்சைத்தண்ணீரில் முக்கினால் அந்த வளைவு நிற்கும். உள்ளே கூடாக இருக்கும் திருவிழாக் கடை பொம்மைக்கு இது வேண்டாம், நசுங்கிவிடும்.

பொம்மை வாங்கும்போது வாய் மூடியதாகப் பாருங்கள். கடையில் இருப்பவற்றில் முக்கால்வாசி வாயைப் பிளந்து கர்ஜிக்கின்றன. காட்டில் எந்த மிருகமும் நாள் முழுக்க அப்படி நிற்பதில்லை. வனவிலங்குப் படம் எடுப்பவருக்குக் கிடைப்பது பாதி மறைந்த உடம்பு, வேறெங்கோ பார்க்கும் தலை, தண்ணீருக்குக் குனிந்த கழுத்து. அதே மாதிரி எடுங்கள். பொம்மையின் முழு உருவத்தையும் பக்கவாட்டில் காட்டினால் அது கடைக்காரரின் விளம்பரப் படம்.

தண்ணீரிடம் எச்சரிக்கையாக இருங்கள். மண்ணை ஏமாற்றலாம், தண்ணீரை ஏமாற்ற முடியாது. 3 மி.மீ. துளி 1:40-ல் 12 செ.மீ. உருண்டை. பொம்மை மேல் தண்ணீர் தெளித்து மழை என்று காட்டினால் முதுகெங்கும் தேங்காய் தேங்காயாகத் துளி நிற்கும். கல் எறிந்து தெறிக்கவிடுவதும் அப்படித்தான். அசையாத தண்ணீர் மட்டும் கைகொடுக்கும். சலனமில்லாத குட்டையில் விழும் பிம்பத்தில் அளவுக்கான தடயமே இருக்காது. ஈர வண்டலின் மினுமினுப்பும் நன்றாக இருக்கும்.

மூட்டத்துக்குச் சாம்பிராணியைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. பொம்மைக்கும் பின்னணிக்கும் நடுவே கொஞ்சம் புகையைப் படரவிட்டால் ஒரு மீட்டர் தூரம் அரைக் கிலோமீட்டர் மாதிரி ஆகிவிடும். தூரத்துப் பொருள் வெளிறித் தெரிவதுதான் கண்ணுக்குத் தூரத்தின் அடையாளம். இதை வீட்டுத் தோட்டத்தில் மட்டும் செய்யுங்கள். காய்ந்த புல் உள்ள பொட்டலிலும் காட்டோரத்திலும் தணலைக் கொண்டுபோகவே கூடாது.

இனி இடம். பெரம்பலூர்ப் பக்கம் இருந்துகொண்டு எங்கே போவது என்று கேட்கிறீர்கள். உங்கள் மாவட்டத்தில் காரை என்ற ஊரின் மண்மேடுகள் உலகத்தில் எங்கிருந்தும் தேடி வருமளவுக்குப் பேர்பெற்றவை. வெளிறிய களிமண் மழையில் அரித்து அரித்து ஆயிரக்கணக்கான ஓடைகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஓடை அரிப்பில் ஒரு விசேஷம், ஒரு அடிப் பள்ளமும் நாற்பது அடிப் பள்ளமும் ஒரே உருவத்தில்தான் இருக்கும். 30 செ.மீ. ஆழ ஓடையில் உங்கள் டி.ரெக்ஸை நிறுத்தினால் 12 மீட்டர் பள்ளத்தாக்கு. புல் குறைவு, மண் நுண்ணியது, நடுத்தூரம் மேடுகளுக்குப் பின்னே தானாகவே மறையும். நான் மேலே சொன்ன அத்தனையும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

விஷயம் தெரிந்தவர் ஒருவர் கேட்கக்கூடும், அது கடலடி அல்லவா என்று. ஆமாம். காரைக் களிமண் ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடிச் சேறு. மழைக்குப் பிறகு துப்பாக்கித் தோட்டா மாதிரிக் கிடப்பவை பெலம்னைட்டுகள், கணவாயின் உறவினங்கள். இக்தியோசார் என்ற கடல் ஊர்வனவற்றின் எச்சங்களும் இங்கே கிடைத்திருக்கின்றன. டைனோசர் எலும்பு வந்தது அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டிலிருந்து. 1980களில் ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்த புருகத்காயோசாரஸ் என்ற டைனோசர் அங்கே எடுத்ததுதான். அந்த எலும்புகள் நொறுங்கிப்போய்விட்டன, படங்களும் விவரிப்பும்தான் மிச்சம். ஆக, காரையில் டி.ரெக்ஸ் நிற்பது எப்படிப் பார்த்தாலும் கற்பனைதான், வட அமெரிக்க மிருகம் அது. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒரு இக்தியோசார் பொம்மை கிடைத்தால், கரை ஒதுங்கிக் கிடப்பது போல அந்தக் களிமண்ணில் கிடத்தி ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

காரையில் படம் மட்டும் எடுங்கள், எதையும் பொறுக்கி வராதீர்கள். எந்த அடுக்கில் இருந்தது என்று தெரியாமல் போன பெலம்னைட் ஆய்வாளருக்குப் பயன்படாது, உங்கள் ஷோகேஸிலும் அது வெறும் கல்தான். மாசி முதல் ஆடி வரை இன்னொரு எச்சரிக்கை. இந்த மாதிரிக் கற்தரையில்தான் ஆள்காட்டிக் குருவி கூடு என்று எதுவும் கட்டாமல் வெறும் தரையில் முட்டை இடும். முட்டை மண் நிறத்திலேயே இருக்கும். நீங்கள் படுக்கப்போகும் இடத்துக்கு மேலே அது விடாமல் கத்திச் சுற்றினால் வேறு இடம் பாருங்கள். கற்களைப் புரட்டும்போது கையால் புரட்டாமல் குச்சியால் புரட்டுங்கள், தேள் இருக்கும்.

வெலாசிராப்டருக்கு வேறு இடம் சொல்கிறேன், கொஞ்சம் தூரம்தான். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடு. வெலாசிராப்டரின் முதல் எலும்புகள் 1923-ல் மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில், செந்நிறப் பாறைச் சரிவு ஒன்றில் கிடைத்தன. அது பழங்காலத்து மணல்மேட்டு நிலம். தேரியின் செம்மணலும் அதன் காற்றலைக் கோடுகளும் அந்த நிலத்துக்கு நன்றாகவே ஒத்துவரும். ஆடிக் காற்றில் போகாதீர்கள். அந்தப் பொடிமணல் போனின் சார்ஜிங் துளையில் ஏறினால் எளிதில் வராது. உங்கள் ராப்டருக்கு இறகு இல்லையென்றால் அதைச் சற்றுத் தூரத்தில், ஒளிக்கு எதிராக நிழலுருவாக எடுங்கள். கையெலும்பில் இறகு பொருந்திய முண்டுகள் இருந்ததை 2007-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனாலும் பொம்மைகளில் முக்கால்வாசி இன்னும் வெறுந்தோலோடுதான் வருகின்றன.

முதுகில் பாய்மரம் மாதிரி எழும்பிய ஸ்பைனோசாரஸ் டைனோசரை வாங்கும் எண்ணம் இருந்தால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. சேற்றிலிருந்து செங்குத்தாக எழும் மூச்சுவேர்கள் ஒரு சாண் உயரம் இருந்தாலே, இந்த அளவில் எட்டு மீட்டர் மொட்டை மரங்கள். எகிப்தின் பஹாரியாவில் ஸ்பைனோசாரஸ் கிடைத்த பகுதியும் அந்தக் காலத்தில் அலையாத்திக் கரையாகத்தான் இருந்தது. ஆனால் அது வனத்துறைப் பகுதி. அனுமதி வாங்கி, படகில் போக வேண்டும், ஓத நேரம் பார்க்க வேண்டும். ஸ்டெகோசாரஸுக்கு எங்கும் அலைய வேண்டாம். ஐப்பசி மழை முடிந்ததும் உங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரின் பாசியே போதும். பாசியைப் பெயர்த்து எடுக்காமல், பொம்மையை அதனிடம் கொண்டுபோங்கள்.

எடுத்த படத்தில் பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நிறத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். கான்ட்ராஸ்டைத் தூரத்துப் பகுதியில் மட்டும் தணியுங்கள். பொம்மையின் வயிற்றில் அச்சடித்த நிறுவனப் பெயரும் வார்ப்புக் கோடும் தெரிந்தால் அழியுங்கள். செயற்கையாகப் புகையும் மின்னலும் சேர்க்கும் செயலிகளின் பக்கம் போக வேண்டாம், இவ்வளவு பாடுபட்டுத் தேடிய தரை அதில் வீணாகிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கேமரா வேண்டும் என்று தோன்றினால், புதிதாக எதுவும் பார்க்காதீர்கள். திரை மடங்கித் திரும்பும் பழைய மிரர்லெஸ் (லென்ஸ் மாற்றக்கூடிய) கேமரா ஒன்று இரண்டாம் கையில் கிடைக்கிறதா என்று பாருங்கள். நாலு விரல்கடை உயரத்தில் கேமராவை வைத்துவிட்டு, முகத்தை மண்ணில் புதைக்காமல் மேலிருந்தே திரையைப் பார்க்கலாம். அந்த ஒரு வசதிக்குத்தான் காசு கொடுக்கிறோம்.